4 செல் மோனோவுக்கு எந்த விசிறி? 47 மாட்டியதும் மோட்டார் கொதிக்கிறது

நீர்க்காகம் | கோயம்புத்தூர்

வணக்கம். என்னிடம் இருப்பது 690 மி.மீ. நீளமுள்ள ஆழ்-வி மோனோ, அதாவது அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவில் இருக்கும் ஒற்றை உடல் ரிமோட் படகு. மோட்டார் 36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், 2000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று), தண்ணீர்க் குளிர்விப்பு உண்டு. 4 செல் லிப்போ (லித்தியம் பாட்டரி), 5000 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி). இஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) 120 ஆம்பியர். ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து விசிறிக்குப் போகும் வளையும் தண்டு) 4.76 மி.மீ.

படகுடன் வந்த 42 மி.மீ. பிளாஸ்டிக் விசிறியில் (ப்ரொப்பல்லர்) ஜிபிஎஸ் மணிக்கு 62 கி.மீ. காட்டியது. அது போதவில்லை என்று வெளிநாட்டிலிருந்து ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் 447 விசிறி வரவழைத்து, பொட்டலத்தைப் பிரித்தவுடன் அப்படியே மாட்டினேன். வேகம் 64. இரண்டு நிமிடம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தால் மோட்டார் உறை 88 டிகிரி, பாட்டரி கைவைக்க முடியாத சூடு. இவ்வளவு விலை கொடுத்து 2 கி.மீ.தானா? அடுத்து 1.6 பிட்ச் உள்ள எக்ஸ் 642 வாங்கலாமா, அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டுமா?

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

தம்பி, 642-ஐ மறந்துவிடுங்கள். இருக்கிற சுமைக்கே மோட்டார் மூச்சுத் திணறுகிறது. மோட்டாரையும் மாற்ற வேண்டாம், அதன் மேல் குற்றம் இல்லை.

ஆக்டுராவின் எக்ஸ் வரிசையில் எண்ணே முழு விவரத்தையும் சொல்லிவிடும். முதல் இலக்கம் பிட்ச் விகிதம் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தை விட்டத்தால் வகுத்தது), பின்னிரண்டும் விட்டம். 447 என்றால் விகிதம் 1.4, விட்டம் 47 மி.மீ. தண்ணீரில் வழுக்காமல் திருகாணிபோல் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு 65.8 மி.மீ. போகும். 442 என்றால் 58.8. நீங்கள் கேட்கிற 642-க்கு விகிதம் 1.6, ஆகவே 67.2. அதாவது 42 விட்டத்தில் 47-ஐவிடக் கூடுதல் பிட்ச்.

42-க்கும் 47-க்கும் இடையில் ஐந்து மில்லிமீட்டர்தானே என்று கண் ஏமாறும். ஒரே வடிவமுள்ள இரண்டு விசிறிகளை ஒரே சுற்றுவேகத்தில் சுழற்றினால், வேண்டிய திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறும். 42-லிருந்து 45-க்குப் போனால் 41 சதவீதம் கூடுதல். 47-க்குப் போனால் 75 சதவீதம். கடையில் நீங்கள் வாங்கியது 12 சதவீதம் பெரிய விசிறி. மோட்டார் பார்த்ததோ ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகச் சுமை.

47-ஐப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கேவி குறைந்த பெரிய மோட்டார் என்றைக்காவது வாங்கினால் உதவும். இந்தப் படகுக்கு 40 அல்லது 42. அதையும் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே மாட்டக்கூடாது. அந்த விசிறிகள் வார்ப்பிலிருந்து வந்த கரடுமுரடோடுதான் கைக்கு வருகின்றன. கூர் தீட்டி, எடை சமன் செய்த பிறகுதான் அது விசிறி. அதுவரை வெறும் உலோகத் துண்டு.

மின்கலம் | சிங்கப்பூர்

தண்டல் ஐயா சொன்னதற்கு எண்களை வைத்துப் பார்ப்போம். 4 செல்லின் 14.8 வோல்ட் × 2000 = சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. மின்னழுத்தம் சரிவதையும் மோட்டார் சுமையில் மெதுவாவதையும் சேர்த்து, அளவான விசிறியில் 80 சதவீதம் கிடைப்பதாக எடுத்துக்கொள்வோம்: 23,680. அதை 58.8-ஆல் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் மணிக்கு 83.5 கி.மீ. வழுக்கல் 15 சதவீதம் கழித்தால் 71.

இப்போது 47. சுமை கூடியதால் மோட்டார் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதாக வையுங்கள்: 20,720 சுற்று. பிட்ச் 65.8. கணக்கு 81.8 என்று வரும், வழுக்கலுக்குப் பிறகு 69.5. பெரிய விசிறி, பெரிய பிட்ச், குறைந்த வேகம். எங்கே போனது அந்தத் திறனெல்லாம்? 88 டிகிரியாக உங்கள் உறையில் நிற்கிறது.

88 என்பதும் வெளியே அளந்தது. உள்ளே கம்பிச் சுருளும் காந்தமும் அதைவிடச் சூடாக இருக்கும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியை ஒட்டியே வலு இழக்கத் தொடங்குகின்றன. உயர்தர வகைகள் இன்னும் தாங்கும், ஆனால் நம் விலைக்கு வருகிற மோட்டாருக்குள் எது இருக்கிறது என்று யாரும் உறுதி தருவதில்லை. இழந்த காந்த வலு திரும்பாது. கேவி ஏறும், அதே விசிறிக்கு இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், இன்னும் சூடாகும்.

நீர்க்காகம் | கோயம்புத்தூர்

இப்போது புரிகிறது. ஆனால் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் இஎஸ்சியில் பதிவு வசதி இல்லை. தனியாகப் பதிவுக் கருவி வாங்க இப்போது வழியும் இல்லை.

மின்கலம் | சிங்கப்பூர்

உங்கள் சார்ஜரே போதும். முழுதாக ஏற்றிய பாட்டரியுடன் கடிகாரம் வைத்து ஓட்டுங்கள். திரும்ப ஏற்றும்போது எத்தனை எம்ஏஎச் உள்ளே போகிறது என்று பாருங்கள். 3 நிமிட ஓட்டத்துக்கு 3600 எம்ஏஎச் ஏறினால், 3.6 ஆம்பியர்-மணியை 0.05 மணி நேரத்தால் வகுக்க, சராசரி 72 ஆம்பியர். திருப்பங்களில் த்ராட்டிலைக் குறைப்பீர்கள், ஆகவே நேரோட்டத்தில் இதைவிடக் கூடுதலாகவும் புறப்படும் கணத்தில் இன்னும் பல மடங்காகவும் இருக்கும். சராசரி 60-ஐ ஒட்டி இருந்தால் உங்கள் 120 ஆம்பியர் இஎஸ்சி நிம்மதியாக இருக்கும். 5000 எம்ஏஎச்-இல் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழித்தால் அது நான்கு நிமிட ஓட்டம்.

விசிறி மாற்றியபின் முதல் ஓட்டத்தை ஒரு நிமிடத்தில் நிறுத்தி, படகின் மூடியைத் திறந்து வெப்பமானியைக் காட்டுங்கள். மோட்டார், இஎஸ்சி, பாட்டரி, அவற்றை இணைக்கும் கம்பி முனைகள் நான்கையும். மோட்டாரும் இஎஸ்சியும் 60 டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. லிப்போ 60-ஐத் தொடவே கூடாது. முனை மட்டும் சூடாக இருந்தால் விசிறியைத் திட்டாதீர்கள், பற்றவைப்பைப் பாருங்கள்.

வெள்ளோட்டம் | துபாய்

எல்லாரும் நேரே எக்ஸ் வரிசை போன்ற செம்புக் கலவை விசிறிக்கு ஓடுகிறீர்கள். 62 கி.மீ. ஓடிய பிளாஸ்டிக் விசிறியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செம்புக் கலவை விசிறியின் விலையில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அச்சில் வார்க்கும்போது ஓரத்தில் தங்கும் பிசிறை வழித்து, முன்விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தால் அதுவே 2, 3 கி.மீ. ஏறும். மரக்கட்டையில் மோதினால் பிளாஸ்டிக் இதழ் உடையும், அவ்வளவுதான். உலோக விசிறி மோதினால் ஸ்டப் ஷாஃப்ட் (விசிறி மாட்டும் முனைத் தண்டு) வளையும், ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், சில வேளை ஸ்ட்ரட்டே (படகின் வாலில் தண்டைத் தாங்கும் கால்) பெயர்ந்து வரும். கற்றுக்கொள்கிறவருக்கு எது மலிவு?

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

நியாயமான பேச்சு. 3 செல் வரைக்கும் நானும் பிளாஸ்டிக்தான் சொல்வேன். ஆனால் 4 செல்லில் 23,000 சுற்றுக்கு மேல் போகும்போது மெல்லிய பிளாஸ்டிக் இதழ் சுமையில் நெளிகிறது. மேசையில் அளந்த பிட்ச் தண்ணீருக்குள் இருப்பதில்லை. மோட்டார் சத்தம் ஏறும், படகு ஏறாது. கார்பன் இழை கலந்தவை அவ்வளவு நெளிவதில்லை. கணினி இயந்திரத்தில் கடைந்த அலுமினிய விசிறிகளும் இப்போது மலிவாக வருகின்றன, சமநிலையும் பெரும்பாலும் மோசமில்லை. என்ன, அலுமினியத்தின் கூர் சீக்கிரம் மழுங்கும், கல்லில் பட்டால் விளிம்பு சுருளும். ஏரி சுத்தமில்லாத இடத்தில் அலுமினியத்தில் தொடங்குவதில் தவறே இல்லை.

பிளாஸ்டிக் இதழ் உடைந்தால் எங்கே பறக்கும் என்று யோசித்ததுண்டா? 42 மி.மீ. விசிறியின் நுனி 25,000 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. வேகத்தில் போகிறது. கரையில் படகைக் கையில் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை அழுத்தி "சோதிக்கிற" பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடுங்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சுமையின்றிச் சுற்றுவேகம் எகிறும், ஷாஃப்டும் உள்குழாயும் காய்ந்து உராயும்.

பட்டறைக்காரன் | ஓசூர்

கூர் தீட்டுவதையும் சமன் செய்வதையும் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதழுக்கு இரண்டு முகம். படகின் பின்னால் நின்று பார்த்தால் தெரிவது தள்ளும் முகம். தண்ணீரை உதைப்பது அதுதான். அதன் வளைவில் கை வைக்காதீர்கள், பளபளப்பாக்குவதோடு நிறுத்துங்கள். உலோகம் எடுப்பதெல்லாம் மறுபுறம், படகை நோக்கியிருக்கும் முகத்தில். முன்விளிம்பிலிருந்து உள்நோக்கி 3, 4 மி.மீ. அகலத்துக்குச் சரிவாக அரத்தால் இழைத்து வாருங்கள். சரிவு தள்ளும் முகத்தைச் சந்திக்கிற கோடுதான் கத்திமுனை. முகச்சவரக் கத்தி அளவுக்கு மெல்லியதாக வேண்டாம், அது முதல் ஓட்டத்திலேயே நெளியும்.

பின்விளிம்பைக் கூராக்காதீர்கள். நம் விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றுகிறது. இதழ் தண்ணீரைக் கிழித்து நுழையும்போது அதன் முதுகுப்புறம் காற்றுக்குழி பிடிக்கும். முன்புறம் கூரும் பின்புறம் தடித்த சதுர ஓரமுமாக ஆப்பு வடிவில் இருந்தால்தான் தண்ணீர் அந்த ஓரத்தில் சுத்தமாகப் பிரியும். விமானச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் மெலிதாக்கினால் பார்க்க அழகு, ஓடுவதில் நட்டம்.

வரிசை இப்படி: முதலில் நடுத்தர அரம், பிறகு 220 உப்புத்தாள், 400, 800, முடிவில் பஞ்சில் உலோகப் பாலிஷ். ஒரு இதழை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். இரண்டிலும் மாற்றி மாற்றிச் சம அளவு எடுங்கள். இல்லையென்றால் சமன் செய்யும்போது அழுவீர்கள்.

சமன் செய்ய, காந்தத்தில் நிற்கிற தண்டுள்ள பேலன்சர் வாங்குங்கள். இரண்டு சவரத் தகடுகளின் மேல் தண்டை உருட்டுகிற பழைய முறையும் வேலைக்கு ஆகும், தகடுகள் மட்டமாக இருந்தால். கனமான இதழ் கீழே வந்து நிற்கும். அதில் படகை நோக்கிய முகத்தில், நுனிக்கு உள்ளே தள்ளி, சிறிது சிறிதாகத் தேயுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நின்றால் முடிந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு: மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருந்தால், 25,000 சுற்றில் அது ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் விசையோடு தண்டைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஸ்ட்ரட் புஷ் (ஸ்ட்ரட்டுக்குள் தண்டு சுற்றும் வளையம்) ஒரே பருவத்தில் முட்டை வடிவமாகிறது என்று இங்கே அடிக்கடி புலம்பல் வருகிறதே, காரணம் இதுதான்.

மின் கைக்கருவியில் சின்னச் சாணைக்கல் மாட்டினால் முழு வேலையும் அரை மணி நேரம்.

தாமிரா | திருச்சி

பட்டறைக்காரன் அண்ணா, கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. உலோகவியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆக்டுரா எக்ஸ் வரிசை வெறும் செம்பு இல்லை, பெரிலியம் செம்பு. இந்த வகைக் கலவைகளில் பெரிலியம் சுமார் 2 சதவீதம் வரை இருக்கும். திடமாக இருக்கும்போது தொட்டாலும் மாட்டினாலும் ஒன்றும் இல்லை. ஆபத்து தூசியில். அதிவேகச் சாணையில் வருகிற நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் போனால், உடல் அதற்கு ஒவ்வாமை கொள்கிறவர்களுக்குத் தீராத நுரையீரல் நோய் வரலாம், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பெரிலியத்தை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

பட்டறைக்காரன் | ஓசூர்

தங்கச்சி, இருபது வருடமாகப் பித்தளையும் வெண்கலமும் தேய்க்கிற கை இது. பட்டறையில் தூசி இல்லாத நாள் ஏது?

தாமிரா | திருச்சி

பித்தளைத் தூசியும் இதுவும் ஒன்றல்ல அண்ணா. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை 2017-இல் பணியிடக் காற்றில் பெரிலியத்துக்கான எட்டு மணி நேர வரம்பை ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராமிலிருந்து 0.2 ஆகக் குறைத்தது. அவ்வளவு சிறிய அளவு. கண்ணால் பார்த்து "தூசி அதிகமில்லை" என்று சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

செய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டில் தண்ணீர் வைத்து, விசிறி தண்ணீருக்குள் இருக்கும்படி அரத்தாலும் நீர் உப்புத்தாளாலும் தேயுங்கள். மின் சாணை வேண்டாம். கையுறை, நுண்துகள் தடுக்கும் முகமூடி. ஊதித் தள்ளாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். மேசையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகக் கட்டிப் போடுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு தூக்காதீர்கள். இதெல்லாம் தொந்தரவு என்றால் அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குவது உத்தமம்.

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

பிள்ளை சொல்வதை வழிமொழிகிறேன். நான் தண்ணீருக்குள்தான் தேய்ப்பது. நேரம் இரட்டிப்பாகும், ஆனால் ஈரத்தில் உப்புத்தாள் அடைபடாது, முடிவும் நன்றாக வரும்.

பட்டறைக்காரன் | ஓசூர்

சரி, 0.2 என்ற எண் என்னை உட்காரவைத்துவிட்டது. சாணை வரியை விலக்கிக்கொள்கிறேன். மற்றபடி இழைக்கும் முறை அதேதான், தண்ணீருக்குள்.

வெள்ளோட்டம் | துபாய்

இடையில் ஒரு கேள்வி. என் படகில் 4 மி.மீ. தண்டு. நண்பர் கொடுத்த விசிறியின் துளை 4.76. நட்டை இறுக்கினால் நடுவில் உட்கார்ந்துவிடும் என்கிறார்.

பட்டறைக்காரன் | ஓசூர்

உட்காராது. 0.76 வித்தியாசம் என்றால் மையம் 0.38 மி.மீ. வரை விலகலாம். விசிறி 15 கிராம் என்று வைத்தால் 25,000 சுற்றில் நான்கு கிலோ விசை. நீங்கள் பேலன்சரில் செய்த பூசையெல்லாம் வீண். 4 மி.மீ. உள்விட்டமும் 4.76 வெளிவிட்டமும் உள்ள பித்தளைப் புஷ் ஒன்று லேத்தில் கடைந்து வாங்குங்கள். இறுக்கமாக நுழைய வேண்டும். பேலன்ஸ் செய்யும்போதும் அந்தப் புஷ்ஷோடுதான்.

நீர்க்காகம் | கோயம்புத்தூர்

எக்ஸ் 442 வந்தது. தாமிரா சொன்னபடி தண்ணீர்த் தட்டில் வைத்து இழைத்து, பேலன்சும் செய்தாயிற்று. முடிவு: ஜிபிஎஸ் 69. மூன்று நிமிட ஓட்டத்துக்குப் பின் மோட்டார் 58 டிகிரி, இஎஸ்சி 51. சார்ஜர் கணக்கில் சராசரி 61 ஆம்பியர். படகின் சத்தமே மாறிவிட்டது. முன்பு இருந்த கரகரப்பு இல்லை.

இப்போது வேறு இரண்டு தொல்லை. முழு வேகத்தில் வால் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அலையில்லாத தண்ணீரிலேயே. நின்ற இடத்திலிருந்து த்ராட்டில் கொடுத்தால் சில நொடி விசிறி வீணாகச் சுற்றி, பிறகுதான் படகு கிளம்புகிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காணொளியில் இதழின் நாக்கை வெட்டினால் வால் தூக்குவது நிற்கும் என்கிறார்கள். வெட்டலாமா?

பட்டறைக்காரன் | ஓசூர்

வெட்டுங்கள். எக்ஸ் வரிசை விசிறியில் பின்விளிம்பு குடத்தை (தண்டு நுழையும் நடுப்பகுதி) ஒட்டிப் பின்னால் நீண்டிருக்கும், அதுதான் நாக்கு. குடத்துக்கு அருகே இதழ் மெதுவாகச் சுற்றுகிறது, அங்கே தள்ளல் குறைவு, இழுவை மட்டும் உண்டு. அதை எடுத்தால் சுமை குறையும், சுற்றுவேகம் ஏறும், வால் தூக்கும் விசை குறையும். இரண்டு இதழிலும் ஒரே அளவு வெட்ட அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

இந்த இடத்தில் பட்டறைக்காரரோடு நான் சண்டை பிடிப்பேன். ரிக்கர், ஹைட்ரோ வகைப் படகுகளுக்கு வெட்டுங்கள், சரி. அவை மூன்று புள்ளியில் தண்ணீரைத் தொட்டு மிதக்கிறவை, வாலை விசிறியே தாங்குகிறது, அதனால் சிறிது தூக்கல் கூடினாலும் மூக்குக் குத்தும். இரட்டை உடல் கட்டமரான் சிலவற்றுக்கும் பொருந்தும். ஆழ்-வி மோனோ கனமானது. அதன் பின்பகுதியைத் தண்ணீரிலிருந்து கிளப்ப அந்தத் தூக்கல் வேண்டும். வெட்டிவிட்டால் அடிப்பாகம் கூடுதலாக நனையும், வேகம் குறையும். பிறகு ஒட்டவைக்க முடியாது.

விசிறியில் கைவைக்கும் முன் திருப்புளியால் தீர்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி, மூன்று விவரம் வேண்டும்: எடைமையம் வாலிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்ட்ரட் படகின் அடிப்பாகத்துக்கு இணையாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா? ஸ்ட்ரட்டுக்கும் டிரைவ் டாகுக்கும் (தண்டில் விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும் கவ்வி) இடையே எத்தனை மி.மீ. இடைவெளி?

நீர்க்காகம் | கோயம்புத்தூர்

எடைமையம் வாலிலிருந்து 175 மி.மீ. ஸ்ட்ரட்டின் விசிறிப் பக்கம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கண் மதிப்பில் 3 டிகிரி. இடைவெளி 1 மி.மீ.கூட இல்லை.

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

எடைமையம் 690-க்கு 175 என்றால் 25 சதவீதம். மோனோவுக்கு 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம், அதாவது 207 மி.மீ. பாட்டரியை முன்னால் தள்ளுங்கள். பின்பாரம் கூடினால் மூக்கு எழும்பும், விழும், மறுபடி எழும்பும். நீங்கள் பார்க்கிற துள்ளலில் பாதி இது.

மீதிப் பாதி ஸ்ட்ரட். விசிறிப் பக்கம் கீழே சாய்ந்தால் அதன் தள்ளல் வாலை மேலே உயர்த்துகிறது. இணையாக்குங்கள். தண்டின் மையம் படகின் அடிக்கோட்டுக்கு ஏறக்குறைய நேராக வரட்டும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். இறக்கினால் பிடிப்பு கூடும், ஆம்பியரும் கூடும். ஏற்றினால் வேகம், ஆனால் கிளம்பும்போது காற்றை விழுங்கும்.

1 மி.மீ. இடைவெளி ஆபத்து. ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் சுமையில் முறுக்கேறும்போது குறுகும். குறுகினால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டின் மேல் அழுந்தும். அந்த உராய்வுக்கும் மோட்டார்தான் ஆம்பியர் கட்டுகிறது. 4, 5 மி.மீ. விடுங்கள். உங்கள் 61 ஆம்பியரில் கொஞ்சம் இதிலேயே குறையலாம்.

மின்கலம் | சிங்கப்பூர்

ஒரே நாளில் மூன்றையும் மாற்றாதீர்கள் நண்பரே. எது பலன் தந்தது என்று பிறகு தெரியாது. இடைவெளியைச் சரிசெய்வது மட்டும் எப்போதும் நன்மை, அதை முதலில் செய்யுங்கள். பிறகு பாட்டரி, அதன்பின் ஸ்ட்ரட். ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ், சூடு, எம்ஏஎச் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். காற்றையும் எழுதுங்கள். எதிர்க்காற்றில் எடுத்த 69-ஐயும் பின்காற்றில் எடுத்த 72-ஐயும் ஒப்பிட்டுப் பலர் விசிறிக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பட்டறைக்காரன் | ஓசூர்

நாக்கு விஷயத்தில் நான் முழுதாக இறங்கி வரவில்லை. என் மோனோவில் 45 விசிறிக்கு நாக்கு எடுத்த பிறகுதான் சூடு அடங்கியது. ஆனால் அது 45, சுமைக்காக எடுத்தது, துள்ளலுக்காக அல்ல. இவருக்குச் சூடு 58 என்னும்போது அவசரம் இல்லை.

கிளம்பும்போது வீணாகச் சுற்றுவதற்கு விசிறியிலேயே மருந்து உண்டு. பின்விளிம்பில் கப் ஏற்றுவது. விளிம்பின் கடைசி 2 மி.மீ.-ஐத் தள்ளும் முகத்தின் பக்கமாக மெல்ல வளைப்பது. தாடையில் பித்தளைத் தகடு ஒட்டிய குறடால் நுனியிலிருந்து தொடங்கிக் குடம் நோக்கிச் சிறிது சிறிதாக. தண்ணீர் அந்த உதட்டில் பிடித்துக்கொள்ளும், காற்றை விழுங்குவது குறையும். ஆனால் பிட்ச் கூடியதற்குச் சமம், ஆம்பியர் ஏறும். 442-இல் கப் ஏற்றினால் 445-ஐ நோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்விளிம்பை வெட்டிச் சிறிதாக்கினால் ஏற்கெனவே இருந்த கப்பும் அதோடு போய்விடும், அதையும் மறக்கக்கூடாது.

தாமிரா | திருச்சி

வளைக்கும்போது சூடுபடுத்த வேண்டாம். பெரிலியம் செம்பின் வலு வெப்பப் பதனிடலால் வருவது. அடுப்பு நெருப்பில் காட்டினால் அந்த வலு போய்விடும், இதழ் மென்மையாகி ஓட்டத்தில் நெளியும். குளிர்ந்த நிலையில், ஒரே மூச்சில் அல்லாமல். ஒரே இடத்தை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் விரிசல் விழும்.

வெள்ளோட்டம் | துபாய்

மூன்று இதழ் விசிறி போட்டால் கிளம்பும் தொல்லை தீராதா?

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

தீரும். பிடிப்பு கூடும், அதிர்வும் குறையும். கனமான படகுக்கும் அலையுள்ள தண்ணீருக்கும் நல்லது. ஆனால் அதே விட்டத்தில் சுமை ஏறும், ஆகவே 42-க்குப் பதில் 40 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். உச்ச வேகம் பெரும்பாலும் இரண்டு இதழுக்கே. மூன்று இதழைச் சமன் செய்வது தனித் தலைவலி. எடையைச் சரிசெய்தாலும் மூன்றின் பிட்சும் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

பாதி நனைந்த விசிறி ஏதோ நம் பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவில் பிறந்த ஆல்பர்ட் ஹிக்மன் 1910-களிலேயே தன் சீ ஸ்லெட் படகுகளில் இப்படித்தான் விசிறியை வைத்தார். முழுக்க மூழ்கிய விசிறிக்குத் தண்டும் தாங்கியும் தண்ணீருக்குள் இழுபடும், வேகம் ஏற ஏற அந்த இழுவை தாங்காது. அவற்றை வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதழ் மட்டும்.

நீர்க்காகம் | கோயம்புத்தூர்

மின்கலம் சொன்ன வரிசையில் செய்தேன். இடைவெளி 4 மி.மீ. ஆக்கியதும் சராசரி 61-லிருந்து 57. பாட்டரியை முன்னால் தள்ளி எடைமையத்தை 205-க்குக் கொண்டுவந்ததும் துள்ளல் பெருமளவு நின்றது, வேகம் 70. ஸ்ட்ரட்டை இணையாக்கியதும் 72, துள்ளல் அறவே இல்லை. மோட்டார் 56 டிகிரி. கிளம்பும் தொல்லை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, த்ராட்டிலை மெதுவாகக் கொடுத்தால் சமாளிக்க முடிகிறது. நாக்கையும் கப்பையும் இப்போதைக்குத் தொடவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். நேரோட்டத்தில் முழு வேகத்தில் படகு வலப்பக்கம் சாய்ந்து அந்த ஓரத்திலேயே ஓடுகிறது. மூக்கும் வலப்பக்கம் இழுக்கிறது, ரிமோட்டில் இடப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. இதுவும் விசிறியால்தானா?

தண்டல் | ஸ்கார்பரோ, கனடா

ஆம். உங்கள் விசிறி பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை படகை வலஞ்சுழியாகப் புரட்டப் பார்க்கும், ஆகவே வலப்பக்கம் அமிழும். தண்ணீருக்குள் இருக்கிற கீழ் இதழ் வலப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளுகிறது, அதனால் வால் இடப்பக்கம் நகர்ந்து மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஒற்றை விசிறி மோனோ எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது. 47-இல் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

முதலில் பாட்டரியை 5 மி.மீ. இடப்பக்கம் நகர்த்துங்கள். அதில் அடங்காவிட்டால் வலப்பக்க டிரிம் டேபை (வாலின் அடியில் உள்ள சிறு சாய்தகடு) அரை மி.மீ. கீழே இறக்குங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், அது பிரேக்காக மாறிவிடும். மூக்கு இழுப்பதற்கு ஸ்ட்ரட்டையும் சுக்கானையும் தொடாமல் ரிமோட்டின் சப்-டிரிம்மில் (சுக்கானின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) சரிசெய்து, எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். அதிகம் வேண்டியிருந்தால் ஸ்ட்ரட்டை ஒரு டிகிரி பக்கவாட்டில் திருப்புவது பற்றிப் பேசலாம். படத்தைப் பின்னாலிருந்து எடுத்துப் போடுங்கள், விசிறியும் டேபும் தெரியும்படி.